கூட ரெண்டு

நீங்கள் கொடுத்த தேநீர் நன்றாக இருந்தது. சர்க்கரை ஒரு கரண்டி தூக்கல்தான், ஆனால் அதையெல்லாம் குறை சொல்லும் ஆள் நான் இல்லை. பதினேழு வருடம் ஒரே மேசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தவள். கேளுங்கள், சொல்கிறேன்.

ஆய்வகத்தில் என் வேலை எண்ணுவது. நுரையீரலிலிருந்து வெட்டி எடுத்த புற்றுக்கட்டியை மெல்லிய சீவலாக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தருவார்கள். உடம்பின் காவல் செல்கள் அதில் பழுப்பாகத் தெரியும். கட்டிக்குள்ளே எத்தனை நுழைந்திருக்கின்றன என்று நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். ஐம்பதுக்கு மேல் என்றால் ஆள் தேற வாய்ப்பு அதிகம், பெரிய டாக்டர் அறுவைக்குப் பிறகு மருந்து எழுதமாட்டார். குறைந்தால் கடுமையான மருந்து, உடனே. கட்டிக்கு வெளியே ஓரத்தில் கூடி நிற்பவை கணக்கில் சேராது. வீட்டுக்குள் சண்டை நடக்கும்போது வாசலில் நின்று எட்டிப் பார்ப்பவனை விலக்கிவிட வந்தவன் என்று சொல்வோமா?

ஒரு கண்ணை நம்பக் கூடாதாம், அதனால் ஒவ்வொரு தகட்டையும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். தகட்டில் பெயர் இருக்காது, வரிசை எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பதிவேடு என் இழுப்பறையில் இருக்கும். டாக்டருக்கு எண்ணிக்கை மட்டும்தான் போகும், எண்ணியது யார் என்று போகாது.

இரண்டாவது ஆள் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, என்னைவிட நாலு வயது மூத்தவர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'கூட ரெண்டு' என்பார்கள். நான் எண்ணி முடித்ததும் நாற்காலியைச் சுழற்றி என் பக்கம் திரும்புவார்.

"தங்கச்சி, உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

"நாப்பத்தொண்ணுண்ணே."

கூட இரண்டு சேர்த்து நாற்பத்து மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதே எண்ணைப் போட்டால் சந்தேகம் வருமாம்.

"ஒரு தடவையாவது கண்ணால பாருங்களேண்ணே" என்று கேட்டிருக்கிறேன்.

"ஒருத்தர் பாத்ததை இன்னொருத்தர் எதுக்குப் பாத்துக்கிட்டு?" என்று சொல்லி என் பிஸ்கட் டப்பாவைத் திறப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரித்துவிடுவேன்.

போன வருடம் பிரிவுத் தலைவர் பதவி அவருக்குப் போனது. அவருடைய எண்ணிக்கை முதல் எண்ணிக்கையோடு எப்போதும் ஒத்துப்போகிறதாம். பாராட்டுக் கடிதத்தில் அப்படியே எழுதியிருந்தார்கள். தட்டச்சு செய்தது நான்தான்.

அப்புறம் அவருக்கு இருமல் வந்தது. படம் எடுத்தார்கள், வலது நுரையீரலில் கட்டி, அறுத்து எடுத்தார்கள். ஒரு மாதத்தில் வேலைக்கு வந்துவிட்டார். ஊழியர்களின் தகடு வெளி ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. அனுப்பும் வேலையும் என்னுடையதுதான். அனுப்பவில்லை. வெளியில் யார் எப்படி எண்ணுவார்களோ.

கட்டிக்குள்ளே எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன், அதே பதினொன்று. ஓரத்தில்தான் நெருக்கித் தள்ளிக்கொண்டு நின்றன. தகட்டை மயிரிழை நகர்த்தி அங்கே எண்ணினேன். எண்பத்தொன்று. கவனியுங்கள், நான் பொய் எண் எழுதவில்லை. ஒவ்வொன்றாக எண்ணித்தான் எழுதினேன். இடம்தான் கொஞ்சம் தள்ளி.

பிறகு தகட்டை அவருடைய நுண்ணோக்கியில் வைத்து, கட்டியின் நடுப்பகுதி தெரியும்படி சரிசெய்து, விளக்கையும் போட்டுக் கொடுத்தேன். கண்ணை வைத்தால் போதும். பதினொன்றை எண்ண அரை நிமிடம் ஆகாது. இதைவிட ஒரு மனிதருக்கு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

நாற்காலி சுழன்றது.

"தங்கச்சி, எவ்வளவு?"

"எண்பத்தொண்ணுண்ணே."

"அடேங்கப்பா, யாரோ கொடுத்து வச்ச ஆளு" என்றார். எண்பத்து மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் அண்ணி ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். "மருந்தே வேணாம்னுட்டாங்கம்மா. சரியாயிடும்னு நீ அன்னைக்கே சொன்னியே, உன் வாயில சர்க்கரையத்தான் போடணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணன் பக்கத்தில் நின்று, "வெளியில ரெண்டு பேரு ஒழுங்கா உக்காந்து எண்ணியிருக்காங்க தங்கச்சி, நம்மள மாதிரி இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு.

எட்டு மாதத்தில் அது முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டது. இப்போது எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நாலாவது மாடியில் படுத்திருக்கிறார். டாக்டர்கள் வாரக் கணக்கில் பேசுகிறார்கள். பார்க்கப் போனேன், வருத்தமாகத்தான் இருந்தது. என் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தார், சாப்பிட முடியவில்லை.

எட்டு மாதம் உனக்குச் சொல்ல நேரம் இருந்ததே என்கிறீர்கள். இருந்தது. அவருக்கும் பார்க்க நேரம் இருந்தது. எழுதிக்கொள்ளுங்கள்: உள்ளே பதினொன்று என்று தெரிந்தேதான் எண்பத்தொன்று எழுதினேன், மருந்து நின்றுவிடும் என்று தெரிந்தேதான் செய்தேன். பார்க்காமல் கையெழுத்துப் போடும் ஒருவரை நம்பி எத்தனை நோயாளிகள் இருந்தார்கள்! அவர்களை யாராவது நினைக்க வேண்டாமா? நான் நினைத்தேன்.

வேறென்ன கேட்டீர்கள்? அவர் படுத்த இந்த மூன்று மாதமாக இரண்டாவது எண்ணிக்கையை யார் செய்கிறார்கள் என்றா? புது ஆள் இன்னும் வரவில்லை. அந்தக் கட்டத்தையும் நானேதான் நிரப்புகிறேன், நூற்றிருபது தகடு இருக்கும். அண்ணன் கையெழுத்து எனக்கு நன்றாகவே வரும். என் எண்ணோடு கூட இரண்டு. நான் பார்த்ததை நானே எதற்கு மறுபடி பார்த்துக்கொண்டு?