எட்டுப் பேர் மேசையில் ஒருவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தொழிற்சாலை உரிமையாளர் கிருபாசங்கர் அவர்களே, தந்தையை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்ஷிதா அவர்களே, வார்ப்புக்கூடத்திலிருந்து கை கழுவிக்கொண்டு நேராக வந்திருக்கும் தோழர்களே, பெருந்துறைப் பெரியவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

பொறியாளர் பாலகோபால் அவர்களின் படத்தை, இந்தத் தொழிற்சாலையின் உணவுக்கூடத்தில், அவர் தினமும் மதியம் உட்கார்ந்து சாப்பிட்ட மேசையின் மேலேயே வைத்திருக்கிறீர்கள். மற்ற மேசைகளை ஓரம் தள்ளியவர்கள் அதை மட்டும் நகர்த்தவில்லை. யார் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

நான் பத்திரிகையில் செய்தியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். கோவையில் யாரைப் பற்றிக் கேட்டாலும் அரைப் பக்கம் எழுதித் தருவேன். பாலகோபாலைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியதில்லை. எழுத விட்டால்தானே! ராணுவத்துக்குக் குண்டுகள் வடிவமைக்கும் அரசு ஆய்வுக்கூடத்தில் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர் அவர். ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் பேட்டி கேட்டுப் போனேன். "காப்பி குடிக்கலாமுங்க, பேட்டி வேண்டாமுங்க" என்றார். அன்றிலிருந்து காப்பிதான் குடித்தேன். அப்படித்தான் நண்பரானோம்.

வேலையைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவர். மனைவியிடமும் பேசவில்லை. மறைந்த வெங்கடலட்சுமி அம்மா ஒருமுறை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க ஊட்டுக்காரரு ஆபீஸ்ல என்ன பண்ணுனாருன்னு கேட்டா, 'போனேன், வந்தேன்'ங்கறாருங்க. இத்தன வருசத்துல அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியலீங்க. நீங்க பத்திரிகைக்காரரு, உங்களாலயாச்சும் முடியுதான்னு பாருங்க!"

என்னாலும் முடியவில்லை.

நேற்று அக்ஷிதா என்னிடம் ஒன்று கேட்டார். அவர் அனுமதியோடு சொல்கிறேன். "மாமா, நாளைக்கு அப்பாவை மகான், மாமேதைன்னெல்லாம் பேசிப்போடாதீங்க. சின்ன வயசுல எங்கிட்ட, பம்பு டிசைன் பண்றேன்னு சொன்னாரு. காலேஜ் போனப்பறந்தான் குண்டுன்னு தெரிஞ்சுது. அதுக்கப்பறம் எங்களுக்குள்ள பேச்சே கொறைஞ்சுபோச்சு. வாரம் ஒருக்கா போன் பண்ணுவாரு. 'சாப்டாச்சா கண்ணு?'ன்னு கேப்பாரு. ஆச்சும்பேன். வெச்சுருவாரு. அவரு யாருன்னே எனக்குத் தெரியலீங்க மாமா. உங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்க."

இதைவிடக் கடினமான கேள்வியை என் தொழிலில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆய்வுக்கூடத்தில் அவர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியாது. இந்த உணவுக்கூடத்தில் நடந்தது தெரியும். அதை மறைக்காமல் சொல்லுங்கள் என்று கிருபாசங்கரே கேட்டுக்கொண்டார். அதனால் சொல்கிறேன்.

இது பம்பு வார்த்த ஆலை. மார்ட்டர் குண்டின் வெற்று இரும்பு உடலை வார்க்கும் வேலை முதன்முதலாகக் கிடைத்தபோது, ஆலோசகராக பாலகோபாலை அழைத்து வந்தார்கள். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு குண்டும் வெளியே போகக் கூடாது என்பது ஏற்பாடு. முதல் தொகுதி தயாராகி லாரிக்குக் காத்திருந்தது. பாலகோபால் எப்போதும் செய்வதுபோல, கைக்கு வந்த ஒன்றை எடுத்து நெடுக்காக அறுத்துப் பார்த்தார். உள்ளே மயிரிழை போல ஒரு பளபளப்பு. வார்ப்பில் விழுந்த துளையை யாரோ வெல்டிங் வைத்து அடைத்துத் தேய்த்திருந்தார்கள்.

கோவையில் பம்பு வார்க்கிற யாருக்கும் இது புதிதா? துளை விழுந்தால் அடைப்போம். அடைக்கத் தெரிந்தவனைக் கெட்டிக்காரன் என்போம். இந்த ஆலையின் கெட்டிக்காரர் சென்னிமலை. அதோ, தூண் பக்கம் நிற்கிறார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் ஒளிக்கவில்லை. பெருமையாகவே சொன்னார்.

"நாந்தானுங்க அடைச்சேன். இத்தன வருசமா பம்புல அடைக்கறேன், ஒரு சொட்டு கசிஞ்சதில்லீங்க."

"பம்பு கசிஞ்சா ஆளைக் கூப்புட்டுச் சரி பண்ணிக்கலாமுங்க சென்னிமலை. இது கசிஞ்சா, கூப்புடறதுக்கு ஆளு இருக்காதுங்க" என்றார் பாலகோபால்.

வெடிமருந்து நிரப்பிய மார்ட்டர் குண்டு, சுடும் குழாயின் வாய் வழியாக உள்ளே இறங்கும். அடியில் மருந்து எரிந்து அதை வெளியே தள்ளும். உடலில் ஊசித் துளை இருந்தாலும் அந்த நெருப்பு உள்ளே புகுந்துவிடலாம். அப்புறம் குண்டு குழாய்க்குள்ளேயே வெடிக்கும். பக்கத்தில் நின்று சுடுபவர்கள் யார்? நம் வீட்டுப் பிள்ளைகள்!

"எதெதுல அடைச்சீங்க?" என்று கேட்டார் பாலகோபால்.

"பாத்தா எனக்கே தெரியாதுங்க சார். அவ்வளவு சுத்தமா அடைச்சிருக்கேன்."

"அதுதானுங்க எனக்குப் பயம்."

முழுத் தொகுதியையும் உருக்கச் சொன்னார். கிருபாசங்கர் மன்றாடினார். "ஏனுங்க சார், எக்ஸ்ரே எடுத்து நல்லதைப் பிரிச்சுக்கலாமுங்க. அத்தனையும் உருக்கிப்போட்டா நான் எங்கீங்க போறது?" எக்ஸ்ரேயில் தப்புவதும் உண்டு என்றார் பாலகோபால். கையெழுத்துப் போடவில்லை. அத்தனையும் உலைக்குத் திரும்பியது. அந்த ஆர்டர் கைநழுவியது. ஒரு ஷிப்டு நின்றது. அந்தத் தீபாவளி இங்கே பலர் வீட்டில் மெலிந்த தீபாவளி.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். யாராவது அவரைத் திட்டினார்களா? இல்லை. நம் ஊரில் திட்ட மாட்டோம். "வாங்க சார், சாப்பிடுங்க சார்" என்போம். மரியாதையில் ஒரு குறை வைக்க மாட்டோம். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவோம்.

ஒரு நாள் அவரைப் பார்க்க இங்கே வந்தேன். எட்டுப் பேர் உட்காரும் மேசை. ஒருவர் உட்கார்ந்திருந்தார். சுற்றி எல்லா மேசையிலும் இடித்துக்கொண்டு ஆட்கள். சாம்பார் ஊற்ற வந்தவர் "போதுங்களா சார்?" என்று பணிவாகக் கேட்டுவிட்டு ஓட்டமாய்ப் போனார். நான் எதிரே உட்கார்ந்தேன். "கஷ்டமா இல்லைங்களா?" என்றேன். "இதெல்லாம் பழக்கந்தானுங்க" என்றார். வேலைக்காலம் முழுவதும் மனதில் இருப்பதைச் சொல்ல ஆளில்லாமல் சாப்பிட்ட மனிதர். அவருக்குப் பழக்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பழகிவிட்டால் வலிக்காதா என்ன?

அன்று நான் இன்னொன்றும் கேட்டேன். "நீங்க வரைஞ்ச குண்டு போய் விழுந்த இடத்தைப் பத்தி யோசிப்பீங்களா?" "குழாய்க்குப் பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, அது என் வேலைங்க. குழாய்க்கு முன்னால இருக்கறவனைப் பத்திக் கேக்கறீங்க. நானும் கேட்டுட்டுத்தானுங்க இருக்கேன். பதில் சொல்ல யாருமில்லீங்க" என்றார்.

மீண்டும் ஆர்டர் வந்தது. அடைப்பே இல்லாமல் வார்த்தீர்கள். கையெழுத்துப் போட்டார். வெளியூரில் சுட்டுப் பார்க்கும் சோதனைக்கு அவரும் போனார். மதியம் அவரிடமிருந்து போன் வந்தது. "எப்படிப் போச்சுங்க?" என்றேன். எவ்வளவு தூரம் பாய்ந்தது, இலக்கில் விழுந்ததா, ஏதாவது சொன்னாரா? இல்லை. "எல்லாரும் சாப்பிடப் போனாங்க" என்றார். அவ்வளவுதான். குழாய்ப் பக்கம் நின்றவர்கள் ஒரு கீறல் இல்லாமல் சாப்பிடப் போனார்கள்; அவருடைய அகராதியில் வெற்றி என்றால் அதுதான்.

"நீங்க?" என்றேன்.

"நானும் இனிமேத்தானுங்க. ரூமுக்கு வாங்கிட்டு வந்துட்டேன்."

சென்ற வாரம் ஒரு காலை, பால் பாக்கெட் வாசலிலேயே கிடப்பதைப் பார்த்து அண்டை வீட்டு ஜபருல்லா கதவைத் தட்டினார். தூக்கத்திலேயே போயிருந்தார் பாலகோபால். மயானத்தில் சென்னிமலை என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவரு சொன்னது சரின்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க. நாளைக்கு அவரு மேசையில எதுக்கால போய் உக்காரலாம், நாளைக்கு உக்காரலாம்னே இருந்துபோட்டேனுங்க."

அக்ஷிதா அம்மணி, உங்கள் அப்பா யார் என்று கேட்டீர்கள். அவர் குண்டு வடிவமைத்தவர். அதை நான் மெழுகிப் பூசி வேறாக்க மாட்டேன். குழாய்க்கு முன்னால் இருந்தவர்களைப் பற்றி அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ஆனால் முகம் தெரியாத சிலர் மதியம் சாப்பிடப் போக வேண்டும் என்பதற்காக, இந்த மேசையில் தனியாகச் சாப்பிட்டவர் அவர். வாரம் ஒருமுறை உங்களிடம் அவர் கேட்டது வெறும் பேச்சில்லை, அம்மணி. அவரிடம் இருந்த ஒரே பேச்சு அது.

தோழர்களே! துளை விழுந்த வார்ப்பை அடைக்க மாட்டோம், உருக்குவோம் என்று சென்னிமலை இன்று காலை வார்ப்புக்கூடத்தில் எல்லோர் முன்பும் சொல்லியிருக்கிறார். அதைக் காப்பாற்றுவோம். கையெழுத்துப் போட மறுப்பவர் நாளையும் ஒருவர் இங்கே வருவார். அவர் மேசையை விட்டு எழுந்து போக மாட்டோம். இதையும் காப்பாற்றுவோம்.

இன்று மதியச் சாப்பாடு இங்கேதான் என்றார்கள். பாலகோபாலின் படத்தைச் சுவரில் மாட்டிவிடுவோம். மேசையில் எட்டு இடம் இருக்கிறது. முதலில் அக்ஷிதா உட்காரட்டும். சென்னிமலை, தூணை விட்டு வாங்க, நீங்கள் எதிரே உட்காருங்கள். மிச்சம் ஆறு இடம்.

வாங்க, எல்லாரும் சாப்பிடப் போகலாம்.