அளவு ஜாக்கெட்

பொங்கலில் நெய்யைத் தாராளமாக விட்டிருக்கிறார்கள், வாசனையே சொல்கிறது. அப்படி ஓரமாக வைத்துவிடுங்கள் மேடம், அப்புறம் பார்க்கலாம். நான் உட்கார்ந்தே சொல்கிறேன். நின்றால் லேசாகக் கண்ணை இருட்டுகிறது, வேறொன்றுமில்லை.

என் பேர் யூனிஸ். கிழக்குத் தாம்பரத்தில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். ஜீவிதாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது நீதானா என்று நேற்று போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்ததிலிருந்து கேட்கிறீர்கள். அனுப்பியது ஆம்புலன்ஸ். மற்றதெல்லாம் நான்தான். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கும் நியாயமாகப் படும்.

லில்லூ பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். நீளக் கால், கொத்தவரங்காய் இடுப்பு. திருமுடிவாக்கத்தில் பட்டாபிராமன் சாருடைய பிளாஸ்டிக் கம்பெனியில்தான் வார்க்கிறார்கள். அதற்கு வேண்டிய குட்டிக் குட்டி கவுனெல்லாம் நான் தைத்துக் கொடுப்பேன். போன வருஷம் சாரே என் கடைக்கு வந்தார்.

“சின்ன வயசுல லில்லூவை வச்சு விளையாடின பொண்ணுங்கல்லாம் இப்ப வேலைக்குப் போறாங்கம்மா. இனிமே அவங்களே லில்லூ ஆகட்டும். அதே கவுன், ஆள் சைஸ்ல. லில்லூ லேடீஸ் வேர்.”

பொம்மையை டேப் வைத்து அளந்து ஆள் உயரத்துக்குப் பெருக்கினேன். இடுப்பு என் தொடையை விடச் சின்னதாக வந்தது. கழுத்தில் தலை நுழையவில்லை. பொம்மைக்கென்றால் தலையைக் கழற்றிவிட்டு உடுப்பை மாட்டலாம். கஸ்டமருக்கு அது சரிப்படாது என்று முதுகில் ஜிப் வைத்தேன். நான் ஒன்றும் பிடிவாதக்காரி இல்லை.

“இடுப்பை மட்டும் கொஞ்சம் விடட்டுமா சார்?” என்று கேட்டேன்.

“விட்டா அது லில்லூ இல்லம்மா. வேற யாரோ.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிராண்டு என்றால் பிராண்டு.

முதல் கவுனைக் கடை வாசலில் மாட்டினேன். பெண்கள் ஆசையாக எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போவார்கள். உள்ளே மூச்சைப் பிடிக்கிற சத்தம் கேட்கும். ஒருத்தியாவது வெளியே வந்து கவுனின் அளவு தப்பு என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். “நான்தாங்கா வெயிட் போட்டுட்டேன்” என்றுதான் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். சிலர் சாரி கூடச் சொன்னார்கள். என்னிடம் இல்லை, கவுனிடம்.

அந்தச் சமயத்தில் ஒரு கைத்தவறு நடந்தது. நம் ஊரில் டேப் வைத்து அளக்க யார் நிற்கிறார்கள்? நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து, இதே அளவு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். புதியதைத் தைத்து, அந்த அளவு ஜாக்கெட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். பொழிச்சலூர் ஹஃபீசாவின் அளவு ஜாக்கெட்டை இறுக்கித் தரச் சொன்ன வேறு யாருடையதோ என்று நினைத்து இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்துவிட்டேன். அது தெரியாமல் அதை வைத்தே புதியதையும் வெட்டினேன். ஒன்று இறுகினால் டெய்லர் மேல் சந்தேகம் வரும். இரண்டும் இறுகினால் தன் மேல்தான் வரும்.

கொஞ்ச நாள் கழித்து ஹஃபீசா கன்னம் ஒட்டிப்போய் வந்து நின்றாள்.

“குண்டாயிக்கினே போறேங்கா. ராத்திரி சோத்த வுட்டுட்டேன். பாரு, இன்னும் கொஞ்சம் எளச்சுட்டா அந்த கவுனு எனக்குத்தான்.”

நாக்கு நுனி வரை வந்த மன்னிப்பை விழுங்கிவிட்டேன். துணியைத் திருத்தக் கூடாதென்றால் வேறு எதைத் திருத்துவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன் அல்லவா, பதில் தானாகக் கடைக்கு நடந்து வந்துவிட்டது. அன்றிலிருந்து வந்த அளவு ஜாக்கெட்டையெல்லாம் ஒரு நூல் பிடித்தேன். ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம்தான் மேடம். அடுத்த தடவை வந்தால் இன்னொரு நூல். எனக்குப் பேராசை கிடையாது.

ஜீவிதா செருப்புக் கடையில் பில் போடுகிற பெண். வேலை முடிந்து வரும்போது மார்க்கெட்டில் மிளகாய் பஜ்ஜி வாங்கிவருவாள். என் தையல் மெஷின் மேலேயே பொட்டலத்தைப் பிரித்து இரண்டு பேரும் தின்போம். துணியில் எண்ணெய் பட்டால் கூட அவளை நான் திட்டியதில்லை. அவ்வளவு பிரியம் அவள்மேல். லில்லூ கவுன் அறிமுக விழாவில் மேடையில் நடக்க அவளைச் சிபாரிசு செய்ததே நான்தான். விழாவுக்கு அளவு பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவளுடைய ஜாக்கெட்டை அடிக்கடி வாங்கி வைத்துக்கொண்டேன்.

பஜ்ஜி நின்றுபோனது. அது எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“ரயில்வே ஸ்டேஷன்ல எடை மெஷின்ல ஏறினேங்கா. கம்மியாத்தான் காட்டுது. மெஷினு ரிப்பேரு போல கீது.”

“ஜாக்கெட் இன்னா சொல்லுது?”

“டைட்டாத்தான் கீது.”

“அப்ப மெஷினுதான் ரிப்பேரு,” என்றேன்.

விழாவன்று மண்டபத்தில் ஜிப் மேலே வரை ஏறியது. அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் அத்தனை நாள் காத்திருந்தேன். ஜீவிதா மேடையில் நாலு எட்டு வைத்தாள், லில்லூ மாதிரியே ஒரு கையைத் தூக்கினாள், அப்படியே விறைப்பாகச் சாய்ந்தாள். பொம்மை விழுகிற மாதிரி நடிக்கிறாள் என்று நினைத்து ஜனங்கள் இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். பட்டாபிராமன் சார் ஓடிவந்து, “டிரஸ் கிழியலையே?” என்று கேட்டார். கிழியவில்லை. இரட்டைத் தையல் போட்டிருந்தேன். அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

உடம்பில் சத்தே இல்லை, இதயம் ஒழுங்காகத் துடிக்கவில்லை என்கிறார்கள் டாக்டர்கள். அவள் பிழைக்க வேண்டும் மேடம். அவளுக்காக நான் ஜெபம் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கண்டுபிடித்தது அவள் அம்மா சரசு. மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனவள், ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறாள். வெளுத்த துணியில் புது நூல் பளிச்சென்று தெரிந்திருக்கிறது, ஒன்றையொட்டி ஒன்றாக அத்தனை தையல். பழைய நூலாகப் பார்த்துப் போட்டிருக்க வேண்டும். நான் செய்த தப்பு அதுதான்.

சரசு என்னைத் திட்டவில்லை. “தட்டுல சோத்தப் பாத்து எம்பொண்ணு அழுவும். உனுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். அளவு ஜாக்கெட்டில் அதெல்லாம் தெரியாது.

எழுதிக்கொள்ளுங்கள். ஜீவிதாவின் ஜாக்கெட்டைப் பிடித்தது நான். ஹஃபீசாவுடையதை, இன்னும் பேர் மறந்துபோன எத்தனையோ பேருடையதைப் பிடித்ததும் நான்தான். ஆள் பார்த்துச் செய்யவில்லை. என் ஜாக்கெட்டையும் சேர்த்துத்தான் பிடித்தேன். ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? இதோ, போட்டிருக்கிறேனே, இந்த ஊதா ஜாக்கெட்தான். அக்குளில் எப்படி வெட்டுகிறது பாருங்கள். இது என் கை, என் மெஷின், என் நூல். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பொங்கலை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள் மேடம். கொஞ்ச நாளாகவே ரொம்பக் குண்டாகிவிட்டேன்.