கம்பு நுனியில் கீரிப்பிள்ளை

“கம்பு நுனியில கீரிப்பிள்ளையக் கட்டிக்கிட்டு ஒரு பொம்பளப்பிள்ளை நம்ம கம்மாக்கரையில நின்னுச்சுண்ணே.”

எழுமலையிலிருந்து மதுரை வரும் பேருந்தில், என் முன்சீட்டில் இரண்டு பேர். சொன்னவர் இளைஞர். மற்றவருக்கு என் வயதிருக்கும்.

“கீரியா?”

“கிட்டப் போனா மைக்கு. காத்துச் சத்தம் விழாம இருக்க முடி வச்ச உறையாம். யாரு தாயி நீன்னு கேட்டா உதட்டுல விரல வைக்குது. நம்ம ஊருல நின்னுக்கிட்டு நம்மளையே பேசாதங்குது!”

“கம்மாய்க்குப் போட்டிக்கு நிக்கிற குவாரிக்காரன் அனுப்புன ஆளா இருக்கும்.”

“அந்தச் சந்தேகத்துலதான் போட்டுக் காட்டுன்னேன். கொக்கு கத்துது, தவளை கத்துது. நடுவுல உங்க குரலுண்ணே.”

“என் குரலா?”

“எதிர்க்கரையில நின்னு, கம்மாய்க்குள்ள எம்புட்டு இடத்த வளைக்கலாம்னு எங்கிட்டப் பேசுனீகள்ல? அம்புட்டும் பக்கத்துல பேசுனாப்ல கேக்குது.”

பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

“யாரு வீட்டுப் பிள்ளை?”

“சொல்லல. மிஷின்ல இருந்த மெமரி கார்டை உருவிட்டேன். மூஞ்சியப் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். பஸ்ஸுல மதுரை காளவாசலுக்கு டிக்கெட் எடுத்துச்சாம்; அங்க நம்ம பயகிட்டக் காட்டுனா வீட்டையே சொல்லிருவான்.”

“வேற எதுலயும் ஏத்தி வச்சிருந்தா?”

“அதத்தாண்ணே வீட்டுல போயிக் கேக்கணும்.”

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் எழுமலைப் பக்கம் பறவைச் சத்தம் பதியப் போயிருந்தாள். காற்று பலமாக அடித்ததால் எதுவும் தேறவில்லை என்று சொன்னாள்.

காளவாசலில் இருவரும் இறங்கினார்கள். என் நிறுத்தமும் அதுதான்; அங்கே பலருக்கும் என்னை அவளுடைய அப்பாவாகத் தெரியும். நான் இறங்கவில்லை.