நல்ல வலி காட்டும் ஆண்டவரே

“உங்க ஜெபத்தாலதான் எனக்குப் பல்லு வலி வந்துச்சிண்ணே.”

அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்த அம்மா பக்கத்திலிருந்தவரிடம் இப்படிச் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அந்த அம்மா தமிழ் டீச்சர். பக்கத்திலிருந்தவர் அந்த அம்மா போகும் சர்ச்சின் சபை மூப்பர்.

“நான் இன்னாம்மா பண்ணேன்?”

“‘ஆண்டவரே, எங்களுக்கு நல்ல வலி காட்டும்’னீங்க. மொத்த சபையும் ஆமென் சொல்லிச்சி. மறுநாளே எனக்குப் பல்லு வலி.”

“நான் ரூட்டத்தான் சொன்னேன். ஆண்டவருக்குப் புரியாதா?”

“அவருக்குப் புரியும். அடுத்த மாசம் உங்க பொண்ணு கல்யாணத்துலயும் இதே மாதிரி ஜெபிச்சீங்கன்னா, மாப்ள பயந்து ஓடிடுவாரு. அதான் என் இலக்கண வகுப்புக்கு வாங்கன்றேன்.”

“அங்க வேற சாமிங்களப் பாடுற பழைய செய்யுள்லாம் படிச்சா விசுவாசம் போயிடும்ன்றாங்களே?”

“முப்பது வருசமா படிக்கிறேன். எனக்குப் போயிடுச்சா?”

மூப்பர் ஜன்னல் வழியே கோட்டை மலையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஓடுவது அவர் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும்.

“சரிம்மா, வரேன். க்ளாசு எந்தக் கிலமை?”

“உங்களுக்கு எல்லாக் கிழமையும்தாண்ணே.”