கும்ரியின் இலைத்தூள்

உங்கள் தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் ஊர் மார்கிலானில் விருந்தாளிக்குக்கூட இவ்வளவு சூடாகக் கிடைப்பதில்லை.

என் பெயர் முயஸ்ஸர். மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தாஷ்கண்டில் ஐந்தாண்டு படித்தவள். சந்தையில் மூலிகை விற்கிற கும்ரி எங்கே படித்தாள் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து படித்திருப்பாள்.

என் அண்ணன் இஸ்மத்துக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். என் கடை மாத்திரையில்தான் நடமாடினார். போன வசந்தத்தில் கும்ரியிடம் முசுக்கொட்டை இலைத்தூளும் வெந்தயமும் வாங்கிக் காய்ச்சிக் குடிக்கத் தொடங்கினார். சர்க்கரை சரசரவென்று இறங்கியது. இறங்காமல் என்ன செய்யும்? மாத்திரையும் கசாயமும் சேர்ந்தல்லவா இழுக்கின்றன. ரொம்பவும் இறங்கினால் ஆபத்து என்று ஒருமுறை எச்சரித்தேன். கடையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் அண்ணன் கேட்டார்:

“ஏன் புள்ள, உன் சுண்ணாம்புக் கட்டி விக்காதுன்னு பயமா? கும்ரிகிட்டப் போயி ரெண்டு மாசம் பாடம் படிச்சுட்டு வா.”

ஆறு பேரும் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் அடுத்த வாரமே கும்ரி கடையில் நின்றார்கள். நான் கோபப்படவில்லை. அறியாமையைக் கண்டு கோபப்படும் வழக்கம் எனக்கில்லை.

தன் மகன் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு அவரே வந்தார். “அடிக்கடி கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. மாத்திரைய நிறுத்திடவா?”

நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். கும்ரி குணப்படுத்திவிட்டாள் என்று ஊரே பேசியிருக்கும்.

“வேணாம்ணே. கசாயத்தையும் குடி, மாத்திரைய ரெண்டா போடு. உடம்பு பழகுற நடுக்கம் அது.”

கேலி பேசியவர் நம்பினார். என்ன இருந்தாலும் நான் படித்தவள்.

கல்யாணத்தன்று பந்தி தாமதமானது. மாப்பிள்ளையின் தகப்பன் என்று காலையிலிருந்து வெறும் வயிற்றோடு வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தார். நாக்குக் குழறியது, கால் பின்னியது. “மனுஷன் விடியக்காலையே ஊத்திக்கிட்டாருடா” என்று யாரோ சிரித்தான். அண்ணி சனோபர் கற்கண்டு கரைத்த தேநீரோடு ஓடிவந்தார். அவர் பிழைக்க அந்த ஒரு கிண்ணம் போதும், எனக்குத் தெரியும்.

“சர்க்கரைக்காரருக்கு இனிப்பா அண்ணி? கொல்லப் பாக்கறீங்களா?”

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். பாவம், என் சொல்லைத் தட்டமாட்டார்.

உள்ளறையில் படுக்க வைத்தோம். நான்தான் கூடவே இருந்தேன், நாடியைப் பிடித்தபடி. வெளியே எக்காளம் ஊதி மணப்பெண்ணை இறக்கினார்கள். அவர் கண் திறக்கவில்லை.

இப்போது கும்ரியைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். இலைத்தூள்தான் கொன்றது என்று எழுதியிருக்கிறீர்களாம். அதற்காகத்தான் வந்தேன். அவள்மேல் இரக்கமில்லை. அண்ணன்மேல் எனக்குப் பகையும் கிடையாது. அறிவியலில் பிழை நேரக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தத் தூளை மூட்டையோடு தின்றாலும் ஓர் ஆட்டுக்குக்கூட ஒன்றும் ஆகாது. கொன்றது என் மாத்திரை. அதைத் தெளிவாக எழுதிச் சந்தை வாசலில் ஒட்டுங்கள், ஐயா. எல்லாரும் படிக்கட்டும்.