விண்மீன் காற்றை அளந்து, அளந்ததைத் திருத்திய அக்காவுக்கு

நீல விண்மீன்களின் நெடுமூச்சை நிறமாலையில் கண்டவரே! நிதானமே நடையானவரே! எங்கள் வானாய்வு நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அளந்தும் ஆய்ந்தும் அயராதவரே! பெயர் சொல்லி அழைக்காமல் நாங்கள் எல்லோரும் 'காற்றக்கா' என்றே அழைத்துப் பழகிய அன்புக்குரியவரே! வணக்கம்.

சூரியனைப் போல் முப்பது, நாற்பது மடங்கு பொருள் கொண்டு கொதிக்கும் பெருவிண்மீன்கள், தம் ஒளியின் விசையாலேயே தம் மேனியை ஊதித் தள்ளுகின்றன. நொடிக்கு ஈராயிரம் கிலோமீட்டர் விரைவில் அக்காற்று வெளியெங்கும் விரிகிறது. மாடிப்படிக்கு அடியிலிருந்த சிற்றறையில், பகலெல்லாம் அரையிருட்டில் அமர்ந்து, விண்மீன் ஒளியைப் பிரித்துப் பெற்ற நிறமாலைக் கோடுகளை அளந்து, எந்த விண்மீன் ஆண்டுக்கு எவ்வளவு கரைகிறது என்று தாங்கள் மெல்லச் சொல்லக் கேட்கையில், நின்ற தரையே மிதப்பதுபோல் மயங்கினோம். நாற்பத்தொரு விண்மீன்களுக்குத் தாங்கள் தந்த பட்டியலை எத்தனையோ நாட்டு ஆய்வாளர்கள் நம்பி எடுத்தாண்டார்கள்.

பட்டியல் வெளியான பன்னிரண்டாம் ஆண்டு, ஒரு பிற்பகல். ஒரே விண்மீனை மணிக்கொரு முறை எடுத்த நிறமாலைகளை அடுக்கிப் பார்த்தீர்கள். அகன்ற கோட்டின் மீது சின்னஞ்சிறு புடைப்புகள் நகர்ந்துகொண்டிருந்தன. காற்று சீராக வீசவில்லை. திட்டுத் திட்டாகத் திரண்டு வீசுகிறது! திரண்ட காற்று கூடுதலாக ஒளிரும். அதைச் சீரானதென்று எண்ணி அளந்தால் உள்ளதைவிட மிகுதியாகத் தெரியும். அப்படியானால் தங்கள் பட்டியலின் ஒவ்வோர் எண்ணும் ஏறக்குறைய மும்மடங்கு மிகை.

அடுத்த மாதம் துறைத் தலைமைப் பதவி தங்களுக்கு வரவிருந்தது. அருகிலிருந்த கருவி மெக்கானிக் பதறிப்போய், "விட்டுடுங்கக்கா, யாருக்கும் தெரியாது" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சே தம்பி! இனிமே எப்படிச் சும்மா இருக்கிறது?"

மறுநாளே கூட்ட அறையில் எழுந்து, "என் பட்டியல் தப்பு. யாரும் பயன்படுத்தாதீங்க" என்றீர்கள். பதவி வேறொருவருக்குப் போயிற்று. தாங்களோ நாற்பத்தொன்றையும் முதலிலிருந்து அளக்கத் தொடங்கினீர்கள். நான்காண்டு உழைப்பில் ஒரே ஒரு நாள் அழுதீர்கள். முகம் கழுவி வந்து, "பதினேழாவதை எடுப்பா" என்றீர்கள்.

திருத்திய பட்டியல் வந்தபின், பெருவிண்மீன்கள் முன்பு எண்ணியதைவிட மெல்லவே இளைக்கின்றன என்று எங்கள் கணக்குகளெல்லாம் மாறின. அன்று அப்பதவியைப் பெற்றவரே இன்று எங்கள் இயக்குநர். வேலைக்குப் புதிதாகச் சேர்வோர் முன் இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்து, "மொதல்ல இதைப் படிங்க, அப்புறம் கருவியைத் தொடலாம்" என்பது அவர் வழக்கம். இதோ, இப்பணிநிறைவு விழா மேடையில் தங்கள் பக்கத்தில் அமர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா! நிலைய வாயிற்கதவருகே செய்தித்தாளுடன் காத்திருந்தே தலை நரைத்த தங்கள் கணவரோடு, இனிப் பகல் வெளிச்சத்தில் பதறாமல் நடந்து, பல்லாண்டு நலமோடு வாழ்க! நேற்று வந்த நிறமாலையில் ஒரு கோடு எங்களுக்குப் பிடிபடவில்லை. ஞாயிறன்று வீட்டுக்கு எடுத்து வருகிறோம். கோபிக்காமல் கதவைத் திறந்துவிடுங்கள்.

'தெரியவில்லை' என்று கூசாமல் சொல்லத் தங்களைக் கண்டு பழகிய,
வானாய்வு நிலையப் பணியாளர்கள்