மெயில் நின்னு பதினோரு நாள்

அய்யய்யோ, அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிகிட்ட மட்டும் போகாதீங்கம்மா, மொதல்ல உக்காருங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க, இதுலதான் கிரீஸ் இல்ல. மெயில் சரி பண்ண வந்தவங்கள நிக்க வெச்சே பேசினேன்னு நாளைக்கு எவனாச்சும் குழுவுல எழுதிருவான். அங்க எதையும் எழுதுவாங்க.

என்ன குழுவா? உங்கள அனுப்பின தலைவர் சொல்லலையா? வாஷிங் மெஷினத் தாங்களே ரிப்பேர் பண்ணிக்கிறவங்களுக்கு நெட்ல ஒரு குழும்மா. மூவாயிரம் பேரு. ஒருத்தர் வீட்ல தண்ணி ஒழுகுதுன்னு எழுதுவாரு, இன்னொருத்தர் வழி சொல்லுவாரு. பதில் வந்தா கேட்டவருக்கு உடனே மெயில் போகும். அந்த மெயில் நின்னுதான் இன்னையோட பதினோரு நாள். எனக்கு முப்பது வருஷமா இந்த மெக்கானிக் வேலதான், அதனால நிர்வாகின்னு புடிச்சு உக்கார வெச்சிட்டாங்க. பேரெல்லாம் போடறதில்ல. வெறும் நிர்வாகி.

மொத நாளு ஒரு அறிவிப்பு போட்டேன். மெயில் வராதவர்கள் உடனே எங்களுக்கு மெயில் அனுப்பவும்னு. சிரிங்க, சிரிங்க. நாப்பது பேரு வந்து கிழிச்சுத் தொங்க விட்டாங்க. அதுல ஒரு பொண்ணு, ஈரத்தரைன்னு பேரு வெச்சுக்கிட்டு, நிர்வாகி தன் மூளையக் கழட்டித் துவைக்கப் போட்டுட்டாரான்னு கேட்டுச்சு.

அப்புறம் சுதாரிச்சுக்கிட்டேன். இப்ப என்ன தெரியும், என்ன தெரியாது, அடுத்த சேதி எப்போ. அவ்ளோதான் அறிவிப்பு. தினம் காலையில பத்து மணிக்கு டாண்ணு போட்டுருவேன். ஜனங்க கோளாறக்கூடப் பொறுத்துக்குவாங்கம்மா, பொய் சொன்னா மட்டும் பொறுக்க மாட்டாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, மெயில் நல்லா ஓடினப்ப ஒருத்தனும் உள்ள வரமாட்டான். பதில மெயில்லயே படிச்சுட்டு, நன்றின்னு ஒரு வார்த்த சொல்லாம போயிருவான். இப்ப பதில் வந்துச்சான்னு பாக்கணும்னா குழுப் பக்கத்துக்கே வந்துதானே ஆகணும்? வர்றாங்க, என்னத் திட்டறாங்க, எவனாவது ஒழுகுதுன்னு அழுதா நின்னு வழி சொல்லிட்டுப் போறாங்க. மூணு வருஷத்துல இப்படி ஒரு கலகலப்ப நான் பாத்ததே இல்ல.

இல்லம்மா, ஒயர்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க தேட வேணாம், நானே சொல்லிடறேன். கோளாறு நாலாம் நாளே சரியாயிருச்சு. நான்தான் மறுபடி நிறுத்தி வெச்சேன்.

அப்படிப் பாக்காதீங்க. அந்த ஈரத்தரை மூணாம் நாளு, மெஷினுக்கு அடியில ஒழுகுதுன்னு கேட்டுச்சு. ஆட்டம் இருக்கான்னு கேட்டேன். இடது கால் குட்ட, ஆனா அட்டைய நாலா மடிச்சு நீலத்துணி சுத்தி வெச்சிருக்கு, ஆடாதுன்னு எழுதுச்சு. அந்தத் துணி என் வேலச்சட்டையில கிழிச்சதும்மா. அட்டைய மடிச்சு வெச்சதும் நான்தான். வேலைக்குச் சேந்து தனியா வீடு எடுத்தப்ப நான் வாங்கிக் குடுத்த மெஷின் அது.

என் பொண்ணு. அவ கல்யாணத்துக்கு நான் போகல, வீம்பு. ரெண்டு வருஷமா என் போன எடுக்கறதில்ல. ஊரு பேரு தெரியாத நிர்வாகிகிட்ட கேப்பாளாம், முப்பது வருஷ மெக்கானிக் அப்பன்கிட்ட கேக்க மாட்டாளாம்.

இல்ல, நான்தான்னு அவளுக்குத் தெரியாது. சொன்னா அதோட சரி, அந்தப் பக்கமே வரமாட்டா. மெயில் ஓட ஆரம்பிச்சாலும் அதே கததான்.

அடியில தண்ணிக் குழாயப் புடிக்கிற கிளிப்பு லூசாயிருந்துச்சு, அத இறுக்கச் சொன்னேன். நிறுத்தி வெச்சேனே தவிர, அதுல ஏமாத்தல. ரிப்போர்ட்ல இன்னும் ரெண்டு நாள் ஆகும்னு எழுதுங்கம்மா. கேக்க வெக்கமாத்தான் இருக்கு. ஆனா ஒழுகறது நின்னு ஆறு நாளாச்சு, இன்னமும் தினம் பத்து மணிக்கு வந்து என்னத் திட்டிட்டுப் போறாம்மா.